எவ்ளோ நேரம் ஆவும், பாய்?

கார் கழுவிச் சுத்தம் செய்யும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கப் போகிறேன். போன வாரம் தவளக்குப்பம் வழியாகப் பஸ்ஸில் போனபோது உங்களில் ஒருவருடைய கடை வாசலில் ஒரு பலகையைப் பார்த்தேன். முழு டீடெய்லிங், நான்கே மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த நான்கு மணி நேரத்தை உங்களுக்கு யார் சொன்னது? வண்டி சொன்னதா? வண்டி இன்னும் வரவே இல்லையே. வராத வண்டிக்கு நேரம் குறித்து வைக்கிற தைரியம் எனக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை.

கடலூர் சாலையில், கிருமாம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கடை இருந்தது. முதலில் வெறும் வாட்டர் வாஷ். அப்புறம் உள்பக்கச் சுத்தம், பாலிஷ், கடைசியில் உங்களுடைய கோட்டிங் வகையறாக்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறார். நான் போனால் ஓரமாக நாற்காலி போட்டு டீ வாங்கித் தருகிறார்கள், வண்டியைத் தொட மட்டும் விடுவதில்லை. அந்தக் கடுப்பும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியோடு வருகிறவர் சாவியை நீட்டும் முன்பே கேட்பது ஒன்றைத்தான். "எவ்ளோ நேரம் ஆவும், பாய்?" என் பதிலும் மாறியதே இல்லை. "சீட்டத் தூக்கிப் பாத்துட்டு சொல்றேன்." பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு வண்டியில் சீட்டைத் தூக்கினால், மீன் கூடைத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரைத் தகடு துருவேறி ஓட்டையாகியிருந்தது. அதற்கு நான்கு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கட்டாயமும் என் கடையில் உண்டு. சீட்டுக்கு அடியில் எது கிடைத்தாலும் வண்டிக்காரரைக் கேட்காமல் வாக்யூமில் இழுக்கக் கூடாது. ஒற்றைக் கம்மல், குழந்தையின் பால் பல், கோயில் விபூதிப் பொட்டலம், காய்ந்து போன மல்லிகைச் சரம் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். எது குப்பை என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. இதைக் கேட்டு என் ஆட்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். சிரித்தாலும் செய்தார்கள். அப்படிச் செய்ததால் என் கண்ணால் பார்த்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கார்த்திகை மாதம் மழை விடாமல் கொட்டி, பாகூர் ஏரிப் பக்கத்து ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் முழுகிய வண்டிகளெல்லாம் என் கடை வாசலில் வரிசை கட்டி நின்றன. முழுகின வண்டி என்றால் சீட்டு, கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றி உலர்த்தியாக வேண்டும். ஈரம்தான் நமக்கு முதல் எதிரி. அந்தக் கூட்டத்தில் சேகரின் வண்டியும் ஒன்று. வாடகைக்கு ஓட்டுகிற வெள்ளைக் கார். ஒரு கம்பெனி ஆட்களைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும் வேலை அவனுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. வண்டி சீக்கிரம் ரோட்டுக்கு வராவிட்டால் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தான். எஞ்சின் வேலையை அவர் முடித்துக் கொடுத்த பிறகு என்னிடம் விட்டுவிட்டு, எல்லோரும் கேட்பதையே கேட்டான். நானும் எப்போதும் சொல்வதையே சொன்னேன். "அய்யோ பாய், உங்களாண்ட ஒரு பதில் வாங்க முடியாதுபா" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான்.

டிக்கியைத் திறந்ததும் மூச்சை அடைக்கிற புளித்த நாற்றம். உள்ளே ஒன்றும் இல்லை, அழுகிய எதையோ எடுத்துப் போட்ட கறை மட்டும் இருந்தது. உள்பக்க வேலைக்கு அஞ்சலை இறங்கினார். கடை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருந்தவர், கை வேகமும் வாய் வேகமும் ஒன்றாக உள்ளவர். பின் சீட்டின் மெத்தையைக் கழற்றித் தூக்கினார். வாக்யூம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று அதை நிறுத்தினார்.

"பாய், இங்க கொஞ்சம் வாங்களேன்."

அஞ்சலை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. போய்க் குனிந்து பார்த்தேன்.

சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டின் மேல் படிந்திருந்த வண்டல் சேற்றில், பச்சையாக முளைத்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, சீட்டின் அகலத்துக்கு நெருக்கமாக, விரல் நீளத்துக்கு. மெத்தை மேலே அழுத்திக்கொண்டிருந்ததால் நிமிர வழியில்லாமல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. எந்தப் பக்கம் என்று பார்த்தேன். கதவுக் கண்ணாடியின் வெளிச்சம் முன் சீட்டுக்கு அடி வழியாக ஒரு கோடு மாதிரி உள்ளே வந்தது, அத்தனையும் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையை நீட்டியிருந்தன. மூடிக் கிடந்த ஒரு காருக்குள் யாருக்கும் தெரியாமல் இவ்வளவு நடந்திருக்கிறது.

"இன்னா அஞ்சல இது, புல்லா?"

"நெல்லு பாய். நாத்து. எத்தினி வருசம் நட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைத்தது. நெல்லை மூட்டையில் பார்த்திருக்கிறேனே தவிர, முளைப்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. சேகருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வண்டிக்குள்ள பச்சையா மொளச்சிருக்குதுபா."

"புல்லா இருக்கும் பாய். வாக்யூம் போட்டு இழுத்து வுட்ருங்க."

கவனியுங்கள். நான் கேட்டுவிட்டேன், வண்டிக்காரன் சொல்லிவிட்டான். என் கட்டாயத்தின்படி பார்த்தால் வேலையைத் தொடர வேண்டியதுதான். பின்னால் இன்னும் ஏகப்பட்ட வண்டிகள் நிற்கின்றன, ஆளுக்கு ஆள் கத்துகிறார்கள். ஆனாலும் அந்த டிக்கி நாற்றம் என்னை விடவில்லை.

"டிக்கில இன்னா வச்சிருந்த தம்பி?"

"அம்மாவோட வெத நெல்லு மூட்டை பாய். அழுவிப்போச்சி. தூக்கிப் போட்டுட்டோம். அன்னையிலருந்து அது சரியா சோறு கூடத் துன்னல."

"இது புல்லு இல்ல தம்பி, நெல்லு. அம்மாவக் கூட்டிக்கினு வா."

"டைம் இல்ல பாய். வெளையாடாதீங்க."

"அவங்க வந்து பாக்காம நான் இந்த வண்டியத் தொட மாட்டேன். வேணும்னா வேற கடைக்கு எடுத்துக்கினு போ."

கோபத்தில் போனை வைத்துவிட்டான். நிஜமாகவே எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று எனக்குப் பயம்தான். போனால் அடுத்த கடையில் அரை நிமிடத்தில் அத்தனையும் வாக்யூம் பைக்குள் போய்விடும். அஞ்சலை மெத்தையைத் திரும்ப வைக்காமல், கதவைத் திறந்து வைத்து, ஒரு ஈரத்துணியை நிழலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சேகர் வந்தான். பைக்கின் பின்னால் அவன் அம்மா. தனலட்சுமி என்று பெயர், தனம் அக்கா என்றுதான் அந்தப் பக்கமெல்லாம் கூப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு நிலத்தைத் தனியாக ஆண்டு வந்தவர், கோபக்காரர், ஏரித் தண்ணீருக்காக ஒரு கூட்டத்தையே எதிர்த்து நின்று கத்தியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் கதவோரம் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை நாற்றின் மேல் படாமல், ஒரு நூல் உயரத்தில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்ல ஓட்டினார். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்த பிறகுதான் விஷயம் வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் இப்படித்தான் ஒரு மழையில் அவருடைய வயல் முழுகிப்போனது. தண்ணீர் வடிந்தபோது பயிரெல்லாம் அழுகிக் கிடக்க, வாய்க்கால் ஓரத்தில் ஒரு சில குத்து நெல் மட்டும் நிமிர்ந்து நின்றிருக்கிறது. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்து, தனியாக அறுத்து, அடுத்த பட்டத்தில் ஒரு மூலையில் விதைத்தார். அதிலும் நன்றாக நின்றதை மட்டும் எடுத்தார். அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, ஒரு கைப்பிடி ஒரு மூட்டையாக ஆகியிருந்தது. அந்த நெல்லுக்குப் பெயர் கிடையாது. வேறு யாரிடமும் கிடையாது.

"காருல ஏன் யக்கா வச்சீங்க?" என்று கேட்டேன்.

"வூட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சி பாய். வூடு ஓடாது, காரு ஓடும்ல. தண்ணி ஏறுனா மெயின் ரோட்டுக்கு ஓட்டிக்கினு போயிடலாம்னு வச்சேன். எனக்கு முன்னாடி ரோடு முழுவிப்போச்சி."

நம் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வீட்டு ஆட்கள் பள்ளிக்கூட மாடியில் போய் இருந்தார்கள், நெல் மட்டும் காரில் ஏறி உட்கார்ந்திருந்தது.

சேகர்தான் கேட்டான். "தண்ணில முழுவுனது எப்படிம்மா மொளைக்கும்? மூட்டை அழுவிப்போச்சே."

அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். பழைய தனம் அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கே தெரிந்தது. "வெதைக்கறதுக்கு மின்ன நெல்ல நாம இன்னாடா பண்ணுவோம்? ஊறப் போடுவோம். அப்பறம் தண்ணிய வடிய வுட்டு, சூடு கலையாம மூடி வைப்போம். இந்தக் காரும் அதைத்தான்டா பண்ணியிருக்குது. மூட்டையில இருந்தது ஒண்ணுமேல ஒண்ணு புழுங்கிச் செத்துப்போச்சி. எலி கடிச்ச ஓட்டை வழியா உதுந்து, தண்ணியோட சீட்டுக்கு அடியில போனது மட்டும் பொழைச்சிக்கிச்சி."

எலிக்குப் பயந்து அந்த மூட்டையை வருடக்கணக்கில் எப்படியெல்லாம் கட்டித் தொங்கவிட்டுக் காப்பாற்றியிருப்பார். கடைசியில் அந்த ஓட்டையால்தான் விதை மிஞ்சியது. இதை நினைத்து நினைத்து நான் பல நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இன்னும் எனக்கு அது அடங்கவில்லை.

பிடுங்கிக்கொண்டு போகலாமே என்று நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். வரவில்லை. கார்ப்பெட்டின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தேன். முதுகுப் பக்கத்துப் பஞ்சு முழுக்க வெள்ளை வெளேரென்று வேர். தைத்த மாதிரி ஓடியிருந்தது. இழுத்தால் அறுந்துவிடும்.

"இன்னும் கொஞ்ச நாளு இப்படியே இருந்தா நாத்து பறிக்கிற பதத்துக்கு வந்துரும். இப்பப் புடுங்குனா ஒண்ணும் தேறாது" என்றார் அவர்.

"அம்மா, எனக்கு வண்டி வேணும்மா" என்றான் சேகர். அவன் குரலும் உடைந்துதான் இருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் பிழைப்பு அதுதான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அஞ்சலையும் பார்த்தார். பின்னால் வரிசையில் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு, சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றது, அன்றைக்கு என் கழுத்தைப் பிடித்தது. தூக்கிப் பார்த்தாயிற்று, இப்போது சொல், என்று.

"சீட்டு எல்லாத்தையும் கழட்டு அஞ்சல" என்றேன். "கார்ப்பெட்ட அப்படியே முழுசா வெளிய எடுக்கறோம். சேகரு, உன் வண்டி நாளன்னைக்கு ரோட்டுக்கு வரும். ஆனா கார்ப்பெட் இருக்காது. தகடு மேல ரப்பர் மேட் போட்டுத் தரேன், அதுமேல உக்காந்து ஏர்போர்ட் போறவன் போவட்டும்."

"அப்ப முழு வேலை எப்ப பாய் முடியும்?"

"அத உங்கம்மாதான் சொல்லணும்."

ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலோடு தூக்குவது போலத் தூக்கினோம். தனம் அக்கா பக்கத்திலேயே, "சாய்க்காத, சாய்க்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் பலகை போட்டு விரித்தோம். அன்றிலிருந்து ஷாம்பூத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் மண்ணை வெட்டி வழியைத் திருப்பினேன். ஈரத்தைக் கண்டாலே சண்டைக்குப் போகும் அஞ்சலை, காலையும் மாலையும் அந்தக் கார்ப்பெட்டின் மேல் நல்ல தண்ணீர் தெளித்தார். வண்டி விட வந்தவர்களுக்கெல்லாம் நான் கேலிப்பொருள் ஆனேன். பாய் வாட்டர் வாஷை விட்டுட்டு வெவசாயத்துல எறங்கிட்டாரு என்றார்கள். சிரிக்கிறவனைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். படுத்துக் கிடந்த நாற்று வெளிச்சத்துக்கு வந்த மறுநாளே எழுந்து நேராக நின்றுவிட்டது. அதைப் பார்த்த பிறகு யாரும் சிரித்ததில்லை.

கொஞ்சம் செத்தது. வெயில் பட்டு ஒரு ஓரம் கருகியது. மிச்சம் நின்றது. தனம் அக்கா ஒருநாள் வந்து கிள்ளிப் பார்த்து, "நாளைக்குப் பறிச்சிரலாம்" என்றார். மறுநாள் கார்ப்பெட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, நாம் பிளாஸ்டிக் கிளிப் கழற்றுவோமே, அந்த மெல்லிய பட்டையால் பஞ்சை விலக்கி விலக்கி நானும் அஞ்சலையும் வேரை விடுவித்துக் கொடுத்தோம். என் கைக்கு அதைவிட மென்மையான வேலை எப்போதும் வந்ததில்லை. மார்கழியில் தொடங்கும் நவரைப் பட்டத்தில், வயலின் ஒரு மூலையில், குத்துக்கு ஒற்றை நாற்றாக அவர் நட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கார்ப்பெட்டைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, சேகரின் வண்டியில் திரும்ப மாட்டினேன். அவன் வேலையும் போகவில்லை. ஆக அந்த வண்டியை முழுதாக டீடெய்லிங் செய்ய எவ்வளவு காலம் ஆனது? நாற்றுப் பறிக்கிற வரைக்கும். இதை உங்கள் பலகையில் எப்படி எழுதுவீர்கள்?

இதோடு முடித்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. கடையை மருமகனிடம் ஒப்படைத்த வருடம் மறுபடியும் அதே மாதிரி மழை. அதற்குள் அந்த மூலை பெருகி, தனம் அக்கா தன் நிலம் முழுக்க அந்தப் பெயரில்லாத நெல்லையே நட்டிருந்தார். ஊரில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நட்ட பயிர் தலை முழுகியது. தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. வடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நுரை அடிக்கும் கைப்பம்பை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது, வேறு எதை எடுத்துப் பழக்கம்?

தனம் அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். சேகர் பக்கத்தில் நின்றிருந்தான். வயல் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு, பயிர் எது மண் எது என்று தெரியவில்லை.

"எறங்கிப் பாத்தீங்களா யக்கா?"

"தைரியம் இல்ல பாய்" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நீங்க பாருங்க. நீங்கதான தூக்கிப் பாக்குற ஆளு."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். காலில் சேறு முழங்கால் வரை ஏறியது. குனிந்து ஒரு குத்தின் மேல் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சினேன். சேறு வழிந்து இறங்கியது. உள்ளே பச்சை இருந்தது. ஆனால் மேலே பளபளப்பதை நம்பி நான் என்றைக்கும் நேரம் சொன்னதில்லை. சேற்றில் கையை விட்டு அந்தக் குத்தை அடியோடு தளர்த்தித் தூக்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக இருந்தது. அன்றைக்குக் கார்ப்பெட்டின் முதுகில் பார்த்த அதே வெள்ளை.

அதைத் தூக்கிக் காட்டினேன். தனம் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

குத்தைத் திரும்ப நட்டுவிட்டு அடுத்த குத்துக்குப் போனேன். சேறு படிந்த இலை மூச்சு விடாது என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே போனேன். எதிரே வயல் ஏரிக்கரை வரைக்கும் நீண்டு கிடந்தது.

வரப்பிலிருந்து சேகர் கூப்பிட்டான்.

"எவ்ளோ நேரம் ஆவும், பாய்?"

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

"தூக்கிப் பாத்துட்டேன் தம்பி" என்றேன். "எவ்ளோ ஆனாலும் ஆவட்டும். பேன்ட மடிச்சிக்கினு நீயும் எறங்கு."

அவன் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தான்.